செப்பில் இரண்டு எழுத்து

இரத்தினபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, பையிலிருந்து லென்ஸையும் உள்ளங்கை அகலத் தராசையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். அவர் பின்னால் இன்னும் மூன்று பேர். ஆளுக்கொரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார்கள். உள்ளே நீலமும் மஞ்சளுமாகக் கற்கள். இந்த ஊரில் லென்ஸும் தராசுமாக வருகிறவன் கல் வாங்க வந்தவன்தான்.

நான் செம்பு பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். தமிழ் தெரிந்த தரகர் ஒருவர் அதை மற்றவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னார். எல்லாரும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்கள். பிறகு பொட்டலங்களை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குள் என் தேநீர் ஆறிவிட்டது.

தரகர் மட்டும் போகவில்லை. செம்பு வேண்டுமா, என்னிடம் டச்சுக் காசு இருக்கிறது என்று கைக்குட்டையிலிருந்து மூன்று காசுகளை எடுத்தார். விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், கோடு தட்டியது. அச்சில் அடித்த காசுக்கு அந்தக் கோடு இருக்காது. வார்த்து எடுத்த போலிக்குத்தான் இருக்கும். சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "கண்டுபிடிச்சிட்டீங்களே சேர்" என்று சிரித்து, எனக்கு இன்னொரு தேநீருக்கும் அவரே சொன்னார். எங்கள் ஊரில் 'சார்' என்பதை இங்கே 'சேர்' என்கிறார்கள். இரண்டு நாளில் அது பழகிவிட்டது.

செம்புக்காகக் கடல் தாண்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மலைகளில் தேயிலைக்கு முன்னால் காப்பி இருந்தது. அப்போது சில்லறைத் தட்டுப்பாடு. காப்பித் தோட்டக்காரர்களும் கொழும்புக் கம்பெனிக்காரர்களும் தாங்களே செப்பு வில்லை அடித்து, வேலைக்கு அடையாளமாகத் தொழிலாளிகளிடம் கொடுத்தார்கள். டோக்கன்தான். நான் அவற்றைச் சேர்க்கிறவன். திருச்சியில் பழைய பித்தளை வாங்கும் கடை ஒன்றில், ஒரு டோக்கனைப் பல வருஷத்துக்கு முன் எடைபோட்டு வாங்கினேன். ஒரு பக்கம் காப்பிக் கிளை. மறுபக்கம் வேறொன்றுமில்லாமல் இரண்டு தமிழ் எழுத்து, உளியால் குத்தியது: அ, பெ.

எனக்குத் தெரிந்து டோக்கனில் இருப்பதெல்லாம் ஆங்கிலக் கம்பெனிகளின் பெயர். தமிழன் கையில் புழங்கிய காசில் தமிழன் பெயர் இல்லை என்பது எனக்கு நெடுநாள் ஆற்றாமை. ஆகவே அந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும் முடிவுகட்டிவிட்டேன். அ. பெருமாளோ, அ. பெரியண்ணனோ, யாரோ ஒரு தமிழ் வியாபாரி சொந்தமாகச் செப்பு டோக்கன் விட்டிருக்கிறான். அவனைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினேன்.

எங்கள் நாணயச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஆசிரியர் சடகோபன். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு முப்பது வருஷ நண்பர், என் எழுத்து எதையும் ஒத்துக்கொள்ளாதவர். "அது அ இல்லை, தமிழ் இலக்கத்தில் எட்டு. பெ என்பது பெட்டி. எட்டுப் பெட்டி காப்பிப் பழம் பறித்ததற்கு ஒரு வில்லை" என்றார். பழைய தமிழ் எட்டும் அகரமும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பதால் என்னால் மறுக்கவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, தெரணியகலையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் மோகன் என்பவர், எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டார். ஏதோ ஒரு லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக் கதவில் அறைந்த செப்பு வில்லை. அதிலும் அ, பெ. சடகோபன் எனக்கு வெள்ளிக்கிழமை வரை கெடு கொடுத்தார். அதுவரை பக்கத்தைப் பிடித்து வைப்பார். அதற்குள் நான் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் அவருடைய 'எட்டுப் பெட்டி' அச்சேறும். அறுபதை நெருங்கும் வயதில் நான் விமானம் ஏறியதற்கு இதுதான் காரணம்.

மறுநாள் தெரணியகலை பஸ்ஸில் முன் இருக்கை ஒன்று காலியாக இருந்தது. அடித்துப் பிடித்து உட்கார்ந்தேன். பஸ் நிறைய ஆட்கள் நிற்க, ஏன் ஒருவரும் இங்கே உட்காரவில்லை என்று யோசித்திருக்க வேண்டும். நான்கு நிறுத்தம் தள்ளி ஒரு பிக்கு ஏறினார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அது மதகுருமார்களுக்கான இருக்கை. தலைக்கு மேலே மூன்று மொழியிலும் எழுதியிருந்தது, தமிழில் உட்பட. எழுத்தை ஆராய வந்தவன் அதைப் படிக்கவில்லை. நான் பதறி எழுந்ததும் பிக்கு ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற பெண் மொழிபெயர்த்தாள்: "இன்னும் கொஞ்ச தூரந்தானாம், நீங்களே ஒக்காருங்கன்னு சொல்றாரு." நான் நின்றே வந்தேன். மழையும் கூடவே வந்தது. திருச்சியில் மூன்று மாதத்துக்குப் பெய்வதை இங்கே ஒரு மத்தியானத்தில் பெய்து முடித்துவிடுகிறது.

மோகனுக்கு நாற்பது வயதிருக்கும். தாத்தா காலத்தில் இராமநாதபுரம் பக்கமிருந்து வந்த குடும்பம். கடையில் வாடிக்கையாளர்களிடம் சிங்களம், கைப்பேசியில் தம்பியிடம் தமிழ், என்னிடம் கொஞ்சம் ஆங்கிலமும் கலந்த தமிழ். அவர் வீட்டில் சோறும் பிஞ்சுப் பலாக்காய்க் கறியும் தேங்காய்ச் சம்பலும் போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் பால் இல்லாத தேநீர், பிளேன்டீ. அதில் சீனி போடவில்லை. கித்துள் என்கிற பனையின் பதநீரில் காய்ச்சிய கருப்பட்டித் துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்தார்கள். கருப்பட்டியை ஒரு கடி, தேநீரை ஒரு மிடறு. இனிப்பையும் டீயையும் தனித்தனியாகக் குடிப்பது எனக்குப் புதிது. மூன்று கோப்பை குடித்தேன்.

அந்த வில்லை மரியபுஷ்பம் என்கிற அக்காவின் கதவில் இருக்கிறது, கொழுந்து பறிக்கிற வேலை, மத்தியான நிறுவைக்கு அப்புறம் கொஞ்ச நேரம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன் என்றார் மோகன். கூடவே ஒன்று சொன்னார்: பழைய பொருளைத் தாளில்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. எனக்கும் தெரியும். பார்க்கவும் எடைபோடவும் காகிதத்தில் படி எடுக்கவும்தான் வந்திருக்கிறேன் என்றேன். பொய் சொல்வானேன், மனசுக்குள் ஆசை இருக்கத்தான் செய்தது.

மரியபுஷ்பம் வேலைசெய்யும் தேயிலைத் தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

புதன்கிழமை காலையில் முச்சக்கர வண்டியில் கிளம்பினோம். ஓட்டியவர் நிமல் என்கிற சிங்களக்காரர். ஏற்றத்தில் வண்டி நின்றது. இறங்கித் தள்ளினோம். மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. செம்புக்காரரின் எடை அதிகம் என்று நிமல் சிங்களத்தில் சொன்னதை மோகன் மொழிபெயர்க்கத் தயங்கியதிலிருந்தே புரிந்துகொண்டேன். கடைசி ஒரு மைல் நடை. புறப்படும்போது மோகன் என் கணுக்காலில் சவுக்காரம் தேய்த்துவிட்டிருந்தார். அப்படியும் ஐந்து அட்டை ஏறிவிட்டன. எங்கள் ஊரில் காவேரி மணலில் நடந்து பழகிய காலுக்கு அட்டையெல்லாம் புதிது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். நான்காவது கதவின் முன்னால் மரியபுஷ்பம் நின்றிருந்தார். ஐம்பது வயதுக்குள் இருக்கும். தேயிலைச் செடியின் ஈரம் படாமலிருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்திருந்தது, அவிழ்க்கவில்லை. உள்ளே மாதா படத்துக்கு முன்னால் ஒரு சிறு பல்பு எரிந்தது. வாங்க என்றார். ஒரு மணிக்குத் திரும்ப மலைக்குப் போக வேண்டும் என்பதையும் உடனே சொன்னார். இங்கே மலை என்றால் கொழுந்து பறிக்கிற இடம்.

கதவருகே குனிந்து பார்த்தேன். ஒன்றல்ல, இரண்டு வில்லை இருந்தன. நாதாங்கிச் சங்கிலியைத் தாங்கும் இரண்டு ஆணிக்கும் அடியில், பலகை தேயாமலிருக்க யாரோ செப்பு வில்லையைக் கொடுத்து அறைந்திருக்கிறார்கள். மேலே இருந்ததைப் பூட்டு மறைத்ததால் மோகனின் படத்தில் அது வரவில்லை. ஆணியைக் கழற்றலாமா என்று கேட்டேன். திரும்ப அடித்துத் தருவீர்கள்தானே என்று அவர் கேட்டார். மோகன் புது ஆணியே கொண்டுவந்திருந்தார்.

ஆணிகள் துருப்பிடித்து மரத்தோடு ஒன்றாகிக் கிடந்தன. மோகன் ஒரே இழுப்பில் இழுத்துவிடலாம் என்றார். நான் விடவில்லை. செம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் போயிற்று. எண்ணெய் விட்டு ஊறவைத்து, துணி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தோம். மரியபுஷ்பம் எங்களுக்குப் பிளேன்டீ கொடுத்தார். வாசலுக்குப் போய் எதிர் மலையைப் பார்த்தார். அங்கே வரிசையாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சிருச்சாங்களா?" என்று கேட்டார்.

அஞ்சே நிமிஷம் என்றேன்.

கீழ் வில்லை கழன்றது. என்னுடையதேதான்: அதே காப்பிக் கிளை, அதே உளி, எடையில் மயிரிழை வித்தியாசம். பிறகு மேல் வில்லையும் கழன்றது. அது பெரியது. தராசில் மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு நின்றது. காப்பிக் கிளை இருந்தது. மறுபக்கத்தில் ஒரே எழுத்து: பெ. அகரம் இல்லை.

உடனே நான் ஒரு விளக்கம் தயாரித்துவிட்டேன். அ. பெ. என்பவர் சில சமயம் முன்னெழுத்தை விட்டுவிட்டுத் தன் பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டிருக்கிறார். மோகனிடம் உற்சாகமாகச் சொன்னேன்: பாருங்கள், இவர் ஒரு தமிழ் வியாபாரி, துரைமார்களுக்குச் சமமாகத் தன் பெயரைச் செம்பில் அடித்தவர்.

கதவோரம் நின்ற மரியபுஷ்பம் குனிந்து என் உள்ளங்கையைப் பார்த்தார்.

"ஆளு பேரு இல்லிங்க இது. பெருசு, பேரு. சின்னது, அரைப் பேரு" என்றார்.

புரியவில்லை என்றேன். அவர் விளக்கினார். ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் அது ஒரு பேர். வேலையை மேற்பார்க்கும் கங்காணி தொழிலாளியின் கணக்கில் 'பேர் போடுவார்'. சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டாலோ, பாதியில் வந்துவிட்டாலோ அரைப் பேர்தான். இதைப் பிள்ளைகள்கூடச் சொல்லும் என்றார்.

நான் தலையாட்டினேன், ஏற்கவில்லை. இது இன்றைக்குத் தேயிலைத் தோட்டத்தில் வழங்கும் சொல். வில்லையோ காப்பிக் காலத்தது. தவிர, வில்லையில் இருப்பது பெ, பே அல்ல. இதை அவருக்கு இலக்கணத்தோடு எடுத்துச் சொன்னேன். பழைய கையெழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே ஒற்றைக்கொம்புதான், பெ என்று எழுதிப் பே என்று படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. சங்கத்தில் அதைப்பற்றி ஒரு மணி நேரம் பேசியவன் நான். அன்றைக்கு அது என் ஞாபகத்துக்கு வர மறுத்தது. மரியபுஷ்பம் வாதாடவில்லை. "நீங்க படிச்சவங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி மலையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகும் நான் படி எடுத்தேன். காகிதத்தை வில்லைமேல் வைத்துப் பென்சிலால் தேய்ப்பது. முதல் காகிதம் ஈரத்தில் கிழிந்தது. இரண்டாவது அசைந்துவிட்டது. மூன்றாவதுதான் சரியாக வந்தது. படம் எடுக்க வெளிச்சம் போதவில்லை, மேகம் விலகட்டும் என்று காத்திருந்தேன். அவர் இன்னொரு தடவை முடிந்ததா என்று கேட்டார். நான் இன்னொரு தடவை அஞ்சு நிமிஷம் என்றேன். அவர் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, சங்கிலி தரையில் கிடந்தது, அப்படியே போட்டுவிட்டு அவரால் போகவும் முடியாது. வில்லைகளை வைத்துப் புது ஆணி அடித்து முடித்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அவர் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

நாங்கள் ரோட்டுக்கு இறங்கும் வழியில்தான் கொழுந்து நிறுக்கும் மடுவம் இருந்தது. மழைக்கு அதில் ஒதுங்கினோம். கொஞ்ச நேரத்தில் பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள். மரியபுஷ்பம் கடைசியில் நின்றார். மற்றவர்கள் கூடை நிறைந்திருந்தது. அவருடையதில் அடியில் கொஞ்சம் கிடந்தது. கங்காணி நிறுத்துப் பார்த்தார். எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். வீட்டுக்கு ஆள் வந்திருந்தார்கள் என்றார் இவர். கங்காணி கெட்டவராகத் தெரியவில்லை. உதட்டைப் பிதுக்கினார், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார், எழுதினார்.

நான் அருகில்தான் நின்றிருந்தேன். கட்டம் போட்ட தாளில் வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே 'பே' என்று எழுதியிருந்தது. அவர் பெயருக்கு நேரே கங்காணி எழுதியது இரண்டு எழுத்து: அ, பே. எழுதின வேகத்தில் கொம்பின் மேல்சுழி விழவில்லை. அது பெ என்றே இருந்தது.

என் பையில் இருந்த படியை எடுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

மரியபுஷ்பம் நோட்டை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதாங்க நான் சொன்னது."

குரலில் குத்தல் இல்லை. பாடம் விளங்காத பிள்ளைக்கு இன்னொரு தடவை சொல்வதுபோலச் சொன்னார். நான் கங்காணியிடம் ஓடினேன். தப்பு என்னுடையது, நான்தான் இவரை நிறுத்தி வைத்தேன், முழுப் பேராகப் போடுங்கள் என்று கெஞ்சினேன். கிலோ இல்லையே ஐயா, எழுதினதை நான் எப்படி மாற்றுவது, நாளைக்கு ஆபீஸில் என்னைக் கேட்பார்கள் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். பிறகு மரியபுஷ்பத்திடம் வந்து, பையில் இருந்த ரூபாய்த் தாள்களை நீட்டினேன். அவர் மறுக்கவில்லை. வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"காசு வாங்கிக்கிறேங்க. ஆனா காசு குடுத்தா பேரு வராது. மாசத்துல இத்தன பேரு இருந்தாத்தான் கூடுதல் காசுன்னு இருக்கு. அது கொறஞ்சா கொறஞ்சதுதான்."

அவரே தொடர்ந்தார்: "இத புத்தகத்துல எழுதுவீங்களா?"

எழுதுவேன் என்றேன்.

"அப்ப என் பேரப் போடுங்க. முழுசா போடுங்க" என்று சொல்லிச் சிரித்தார். வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். மோகனும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று எழுத ஆசை. சிரிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில் மோகன் கடையிலிருந்தே சடகோபனை அழைத்தேன். என் கட்டுரையை எடுத்துவிடுங்கள் என்றேன். அப்போ எட்டுப் பெட்டிதானே என்றார். அதுவும் இல்லை என்று நடந்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என்னை மறுக்கவில்லை. கடைசியில், ஒரு முழு ஆள் பெயர் இருக்கிறதென்று தேடிப்போய் அரைப் பேரைக் கண்டுபிடித்திருக்கிறாய் என்றார். பக்கத்தைத் திங்கள்வரை பிடித்து வைப்பதாகவும், புதிதாக எழுதி அனுப்பும்படியும் சொன்னார்.

அன்று மாலையே மோகன் கடை மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். கருப்பட்டியும் பிளேன்டீயும் வந்துகொண்டே இருந்தன. வெளியே பஸ் நடத்துநர்கள் அவிசாவளை, அவிசாவளை என்று கூவிக்கொண்டிருந்தார்கள். என் பழைய கட்டுரை எட்டுப் பக்கம். புதியது இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. அ. பெருமாளும் அ. பெரியண்ணனும் அதில் இல்லை. அப்படி ஒருவன் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது. அவனுக்குப் பதிலாக இருப்பது, அரைநாளில் மழை பெய்தோ காய்ச்சல் வந்தோ வேலையைவிட்டு இறங்கி, கையில் ஒரு சின்ன வில்லையோடு லயத்துக்கு நடந்த யாரோ ஒருவர். அவர் பெயர் எதிலும் இல்லை.

மலர் வந்துவிட்டது. இரண்டு வில்லைகளின் படியும் பக்கத்தின் மேல்பாதியில் இருக்கின்றன. கீழே இப்படி அச்சாகியிருக்கிறது: 'படித்துச் சொன்னவர்: இராயப்பன் மரியபுஷ்பம்.' தகப்பன் பெயரோடு முழுதாக. தோட்டத்தின் பெயரைப் போடவில்லை. வேலை நேரத்தில் வீட்டில் இருந்தார் என்று அவரை யாரும் கேட்டுவிடக் கூடாது. ஒரு பிரதியை மோகனுக்கு அனுப்பினேன், அவர் கொண்டுபோய்க் கொடுத்தார். கதவைத் திறந்துகொண்டே அதை வாங்கினாராம், தன் பெயரை விரல் வைத்துப் படித்தாராம்.

கங்காணியின் நோட்டில் அந்தப் புதன்கிழமை இன்னும் அரைப் பேர்தான்.